ஓட்டுச்சில்லு அடையாளம் காண உதவி தேவை: சான் மிகேல் டெல் வாடோ

வணக்கம் நண்பர்களே. நியூ மெக்சிகோவில் பெக்கோஸ் ஆற்றங்கரையில் ஒரு தொல்லியல் மேற்பரப்பு ஆய்வில் தன்னார்வலராக இருக்கிறேன். இடம் சான் மிகேல் டெல் வாடோ. 'வாடோ' என்றால் ஆற்றைக் கடக்கும் துறை. 1794-இல் ஸ்பானிய அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர். 1821-இல் மிசௌரியிலிருந்து சான்டா ஃபே தடம் திறந்தபின் வணிக வண்டிகள் இங்கேதான் ஆற்றைக் கடந்தன. 1880-இல் ரயில் சான்டா ஃபே வந்ததும் தடம் ஓய்ந்தது.

நேற்று கரைந்துபோன ஒரு சுடாத மண்செங்கல் சுவரின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு கண்ணில் பட்டது. வெள்ளைப் பூச்சு, அதன்மேல் நீலக்கோடு. உடைந்த விளிம்பு லேசான இளஞ்சிவப்பு, நுண்துளைகளோடு இருக்கிறது. ஓரத்தில் பூச்சு செதிலாக உரிந்திருக்கிறது. எடுக்கக் கூடாது என்பதால் அளவுகோல் வைத்துப் படம் பிடித்துவிட்டு அங்கேயே விட்டு வந்தேன்.

இது மெக்சிகோவின் பூப்லாவில் செய்த மயோலிகாவா (வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு மட்பாண்டம்), இல்லை இங்கிலாந்து வெள்ளைப் பாண்டமா? மயோலிகா என்றால் தெற்கிலிருந்து வந்த சரக்கு, இங்கிலாந்துப் பாண்டம் என்றால் தடம் திறந்தபின் கிழக்கிலிருந்து வண்டியில் வந்தது. அந்த வீடு எந்தக் காலத்தது என்று சொல்ல இது ரொம்ப முக்கியம். எனக்கு மயோலிகா என்றுதான் படுகிறது. ஆனால் படிவத்தில் எழுதும் முன் அனுபவம் உள்ள யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

அப்புறம், பழைய ஸ்பானியக் கையெழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நிலப்பத்திர நகல் ஒன்றில் நான்கு வரி புரியவில்லை. படங்களைக் கீழே போடுகிறேன்.