மறு: புழுவாகவே முதிரும் வண்டுக்கு என்ன சொல்?

அன்பர்களே,

மலேசியாவின் பகாங் காட்டில் நண்பர் எடுத்த படத்தில் இருப்பது என்ன பூச்சி, அதற்கும் அதன் பெண் புழு உருவிலேயே முதிர்வதற்கும் தமிழில் என்ன சொல், படத்துக்குக் கீழே என்ன விளக்கம் எழுதலாம் என்று வந்த மடல்களையெல்லாம் படித்தேன். கரப்பானா, மரவட்டையா என்ற கேள்வி தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன். கால் ஆறுதான், ஆகவே மரவட்டை இல்லை. கரப்பானுக்கு உள்ள நீண்ட உணர்கொம்பும் இல்லை. முன்புறம் அகலமான மூன்று தகடுகள். பின்னால் ஓரத்தில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் வயிற்றுக் கண்டங்கள். இத்தனை பெரிய உடம்புக்குக் கடுகளவு தலை, அதையும் முதல் தகட்டுக்கடியில் இழுத்துக்கொள்கிறது. இருப்பது ஈரம் ஊறிய உளுத்த மரத்தின் மேல். தென்கிழக்காசிய மழைக்காட்டில் இவ்வளவும் சேர்ந்து ஒரு பூச்சியில் தெரிந்தால் அது பிளாட்டெரோட்ரைலஸ் பேரினம். டிரைலோபைட் வண்டு என்று இணையத்தில் சுற்றுவது இதுவே. பழைய படங்களில் டுலிட்டிகோலா என்று போட்டிருக்கும். அந்தப் பெயர் இப்போது இதற்குள் அடங்கிவிட்டது.

சிற்றினம் வரை போக வேண்டாம் என்பது என் கட்சி. இந்தப் பேரினத்தில் நம் கண்ணில் படுவதெல்லாம் பெண்ணும் புழுவும் (முதிராத லார்வா). ஆணோ ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கறுப்பு இறக்கையோடு பறக்கும் சாதாரண வண்டு, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எந்தப் பெண்ணுக்கு எந்த ஆண் என்பதை 2014இல் வந்த ஆய்வில் டிஎன்ஏவை ஒப்பிட்டுத்தான் சேர்த்தார்கள். தகட்டின் ஓரம் ஆரஞ்சு நிறம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நாம் இங்கே சிற்றினப் பெயர் சூட்டினால், அது அப்படியே நாலு வலைத்தளங்களுக்குப் போய்விடும்.

சரி, பெயருக்கு வருகிறேன். டிரைலோபைட் என்பது பழங்காலக் கடல் உயிரி ஒன்றின் பெயர். அதை மொழிபெயர்த்து ‘மும்மடல் வண்டு’ என்றார் ஒருவர். எனக்கு ஒரு தடை உண்டு. டிரைலோபைட்டின் மூன்று மடல்கள் உடம்பின் நீளவாக்கில் ஓடுபவை: நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. இந்த வண்டில் இருப்பது ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும் மார்புத் தகடுகள். 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன அந்தக் கடல் உயிரிக்கும் இதற்கும் உறவும் கிடையாது. மொழிபெயர்த்தால் அந்தக் குழப்பமும் கூடவே வரும். மலேசிய நண்பர் போகிறபோக்கில் எழுதிய ‘முக்கேடய வண்டு’ இதைவிட நூறு மடங்கு மேல். படத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிறது. காண்டாமிருக வண்டு, கூன்வண்டு, பொன்வண்டு வரிசையில் வைத்தாலும் ஒட்டுகிறது. இதை ஏற்றுக்கொண்டுவிடலாம்.

சிக்கல் அடுத்த சொல்லில்தான். பெண் ஏன் கடைசிவரை புழுவின் உருவத்திலேயே இருக்கிறது? பெர்ட்டி என்பவர் 1831இல் இந்தப் புழுக்களை விவரித்தார். அன்றிலிருந்து, இது வளர்ந்து என்ன வண்டாகும் என்பது கிட்டத்தட்ட நூறாண்டு விடுகதை. கூச்சிங்கில் சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த ஸ்வீடன்காரர் எரிக் மியோபெர்க் 1925இல் வெளியிட்ட கட்டுரையில்தான் அது அவிழ்ந்தது. இது எதாகவும் மாறப்போவதில்லை, முட்டையிடும் பெண்ணே இப்படித்தான் இருக்கும், ஆண் ஒரு குட்டி வண்டு என்று எழுதினார். பெண்ணின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர். பக்கத்தில் ஆணை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று யார் நம்புவார்?

உருவம் இளமையிலேயே நின்றுவிட, இனப்பெருக்க உறுப்புகள் மட்டும் முதிரும் இந்த நிலைக்கு நியோட்டினி என்று பெயர். 1885இல் கோல்மன் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் உருவாக்கிய சொல். செவுளோடே வாழ்ந்து செவுளோடே இனம்பெருக்கும் மெக்சிகோவின் நீர்வாழ் சாலமாண்டர் ஆக்சலாட்டலும் இதே வகைதான். இதற்கு ‘மார்க்கண்டேயம்’ என்று முன்மொழிந்த அன்பருக்கு ஒரு சபாஷ். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் என்றும் பதினாறாக இருந்தவருக்கு மூப்பே இல்லை. நம் வண்டுக்கு மூப்பு, முட்டை, சாவு எல்லாம் உண்டு, உருவம் மட்டும் மாறுவதில்லை. மடல்களில் வந்த இன்னொரு சொல்லான ‘இளமைநீட்சி’யில் பொருள் சரியாகவே இருக்கிறது, கேட்டதும் முகப்பூச்சு விளம்பரம் நினைவுக்கு வருவதுதான் தொல்லை. அதனால் ‘இளவுருநீட்சி’ என்கிறேன். நீள்வது இளமை இல்லை, இளமைக்குரிய உருவம். ஆக்சலாட்டலுக்கும் இது பொருந்தும், வளர்ந்த நாயிடமும் தங்கிவிடும் குட்டி முகத்தைப் பற்றி நாளைக்கு யாராவது எழுதினாலும் பொருந்தும்.

ஆனால் அந்தச் சொல்லைப் பட விளக்கத்தில் போடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீள மடல். இளவுருநீட்சி என்பது ஓர் உயிரி எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றிய முடிவு. அதை ஒற்றைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐரோப்பாவின் மின்மினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், லாம்பிரிஸ் நாக்டிலுகா. அதன் பெண்ணுக்கும் இறக்கை இல்லை, அதுவும் பார்க்கப் புழுதான். ஆனால் அது கூட்டுப்புழுப் பருவத்தைக் கடந்துதான் முதிர்கிறது. முக்கேடய வண்டின் பெண்ணுக்கு அந்தப் பருவமே கிடையாது. வெளித்தோற்றம் ஒன்றுபோல, வந்த வழி வேறு. படம் காட்டுவது தோற்றத்தை மட்டும். ஆகவே தோற்றத்துக்கு ஒரு சொல், வளர்ச்சிமுறைக்கு ஒரு சொல் என்று இரண்டு தேவை. இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

தோற்றத்துக்கு ஆங்கிலத்தில் லார்விஃபார்ம் என்கிறார்கள். ‘புழுவுரு’ எளிமையாக இருக்கிறது, ஆனால் மண்புழுவும் நாடாப்புழுவும் நம் பேச்சில் புழுதானே. முக்கேடய வண்டைப் பார்த்த யாருக்கும் புழு என்று சொல்ல வாய் வராது. ‘இளவுயிரி’ அதற்கு நேரெதிர், ஆட்டுக்குட்டிக்குக்கூடப் போட்டுவிடலாம். இலங்கைப் பாடநூல்களில் லார்வாவுக்குக் ‘குடம்பி’ என்று எழுதுகிறார்கள். குட்டையான சொல், வேறெந்தப் பொருளிலும் புழக்கத்தில் இல்லை, உருபு ஏற்றினாலும் முறியாது. தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது என்ற முணுமுணுப்பு வரும் என்று தெரியும். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். மகரந்தமும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்தா இருந்தது? ஆகவே ‘குடம்பியுரு’, ‘குடம்பியுருப் பெண்’.

பீடோமார்ஃபோசிஸுக்கும் (இளம்பருவக் கூறுகள் முதிர்ந்த பிறகும் தங்கிவிடுவது) இதே மூச்சில் சொல் கேட்டிருந்தார்கள். அது நியோட்டினியையும் இன்னும் சிலவற்றையும் உள்ளடக்கிய குடைச்சொல். தனி இழையில் பேசுவோம், இங்கே கலக்க வேண்டாம்.

இன்னும் ஒரு நுணுக்கம் பாக்கி. படத்தில் இருப்பது முதிர்ந்த பெண்ணா, முதிராத குடம்பியா? மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உடம்பைப் புரட்டி, வயிற்றின் கடைசிப் பகுதியில் இனப்பெருக்கத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் படம் மேலிருந்து எடுத்தது. அளவை வைத்து ஊகிக்கலாம் என்றால், அளவுக்குப் பக்கத்தில் நாணயமோ தீக்குச்சியோ எதுவும் இல்லை. எனவே ‘குடம்பியுருப் பெண்’ என்றுகூட இந்தப் படத்துக்குக் கீழே எழுத எனக்கு மனமில்லை.

இப்போதைக்கு நான் வைக்கும் விளக்கம்: “முக்கேடய வண்டு, பிளாட்டெரோட்ரைலஸ் பேரினம், சிற்றினம் தெரியவில்லை. குடம்பியுரு, முதிர்ச்சி உறுதியாகவில்லை. பகாங், மலேசியா.” மலேசிய நண்பர் மறுபடி அந்தப் பக்கம் போகும்போது ஒன்று அகப்பட்டால், மெல்லப் புரட்டி அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பட்டும். மரத்துண்டை மட்டும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள் ஐயா, அதன் சாப்பாடு அந்த மரத்தில் ஊறும் சாறுதான்.