ஆர்க்கிட் வேர் அழுகிவிட்டது, வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். தை மாதம் மகள் பிறந்தநாளுக்கு ஒரு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். இரண்டு மாதம் பூ வாடவே இல்லை. பூ உதிர்ந்ததும் இலை தொய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் ஊற்றிவிட்டேன். நேற்று தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதி வேர் பழுப்பாகி, நசுக்கினால் கூழாக வருகிறது. நாலைந்து வேர்தான் கெட்டியாக இருக்கிறது. நனைத்தால் பச்சையாகிறது, காய்ந்தால் வெள்ளி நிறம். அதனால் இன்னும் உயிர் இருக்கிறது என்று நம்புகிறேன்.

அழுகியதை வெட்டிவிட்டு, கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு மாற்றி வைக்கப் போகிறேன். மட்டையில் உள்ள உப்பு போக எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும்? எங்கள் போர்த் தண்ணீரும் உப்புதான். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றலாமா?

அப்புறம் ஆனி, ஆடி. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது நமக்கு வறண்ட காற்றுதான். அதில் இலை சுருங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? மறுபடி பூங்காம்பு வர இரவில் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டுமாம். நம் ஊர் மார்கழிக் குளிரில் யாருக்காவது பூத்திருக்கிறதா? படம் போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும்.