ஸ்போர்ட் வேரியன்ட்: கூடுதல் வெள்ளிக்குக் காடியில் உண்மையில் என்ன மாறுகிறது?

செந்தூல் போர்மேன்

குடும்பக் காடி வாங்கப் போகிறவர்கள், ஸ்போர்ட் வேரியன்ட்டுக்கு ஹோண்டா வைக்கும் ஆர்எஸ், டொயோட்டா வைக்கும் ஜிஆர்-எஸ் என்ற எழுத்தைப் பார்த்ததும் முதலில் கேட்பது பவரைப் பற்றித்தான். பெரும்பாலும் அங்கே எதுவும் மாறுவதில்லை. 2021 டொயோட்டா வியோஸில் சாதாரண ஜி-க்கும் ஜிஆர்-எஸ்ஸுக்கும் ஒரே 1.5 லிட்டர் எஞ்சின், ஒரே 107 பிஎஸ் குதிரைசக்தி, இழுவைத் திறனும் (டார்க்) ஒரே 140 நியூட்டன் மீட்டர். ரோட் டாக்ஸும் இரண்டுக்கும் 90 வெள்ளிதான். ஜிஆர்-எஸ்ஸில் மாறியது சஸ்பென்ஷன், 17 அங்குல ரிம், பாடிகிட், சிவிடி கியரில் (பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்) 7 படிக்குப் பதில் 10 படி. அந்தப் படிகள் சாஃப்ட்வேரில் வகுத்தவை, உள்ளே ஓடுவது அதே பெல்ட்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2020 ஹோண்டா சிட்டியில் ஆர்எஸ் இ:எச்இவி என்ற ஹைப்ரிட் வேரியன்ட் வேறு காடி என்றே சொல்லலாம். அதன் மோட்டார் 253 நியூட்டன் மீட்டர் தருகிறது, பெட்ரோலில் மட்டும் ஓடும் வி வேரியன்ட்டில் 145. பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் எல்லாம் வந்தன. பேட்டரிக்கு இடம் விட்டதில் பூட் (பின்பக்கச் சாமான் அறை) 519 லிட்டரிலிருந்து 410 ஆகிவிட்டது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் குடும்பத்தோடு பால்குடமும் சாமானும் ஏற்றிப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் பூட்டைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

ஆக, எழுத்தை நம்பாதீர்கள், பார்ட் நம்பரை நம்புங்கள். சர்வீஸ் சென்டரின் ஸ்பேர்பார்ட்ஸ் கவுண்டரில் இரண்டு வேரியன்ட்டுக்கும் முன் பின் அப்சார்பர், காயில் ஸ்பிரிங், பிரேக் டிஸ்க் ஆகியவற்றின் நம்பரைக் கேளுங்கள். நம்பர் வேறாக இருந்தால் மாற்றம் உண்மை. ஒரே நம்பர் என்றால் நீங்கள் வாங்குவது தோற்றம் மட்டும்தான். அதுவும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

பாயான் லெப்பாஸ் டயர்

போர்மேன் அண்ணே சொன்னதோடு ரிம் கணக்கையும் சேர்க்கிறேன். மாதாமாதம் ஓட்டும்போது உணரப்போவதும், செலவு வைக்கப்போவதும் இதுதான்.

வியோஸ் ஜி-யின் டயர் 195/50 ஆர்16: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 50 விழுக்காடு, ரிம் 16 அங்குலம். பக்கச் சுவரின் உயரம் 97.5 மில்லிமீட்டர். ஜிஆர்-எஸ்ஸின் 205/45 ஆர்17-க்கு 92 மில்லிமீட்டர். வித்தியாசம் சிறிதுதான். ஹோண்டா சிவிக்கில் அப்படி இல்லை: இ வேரியன்ட்டின் 215/55 ஆர்16-க்கு 118, ஆர்எஸ்ஸின் 235/40 ஆர்18-க்கு 94. 24 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் குறைகின்றன. மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் லுபாங்கில் (சாலைக் குழியில்) 60 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால், உயரமான பக்கச் சுவர் தாங்கிக்கொள்ளும் அடி இங்கே நேராக ரிம்மின் உதட்டுக்குப் போய்விடும்.

ரிம் வளைந்தால் 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகாவிட்டால், மெஷினில் சுற்றவிட்டு ரிம்மின் உள்பக்க உதட்டைப் பாருங்கள், வளைவு அனேகமாக அங்கேதான் இருக்கும். டயரின் பக்கத்தில் புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பேட்ச் கிடையாது. அந்த டயரோடு பினாங்குப் பாலம் ஏறாதீர்கள்.

காற்று குறைந்த லோ புரொஃபைல் (பக்கச் சுவர் தாழ்ந்த) டயர்தான் முதலில் அடிவாங்கும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவை, டயர் சூடாகுமுன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். நண்பனின் காடிக்கு வைக்கும் அளவு உங்களுக்குப் பொருந்தாது, ஒரே மாடலிலும் ரிம் அளவுக்கு ஏற்ப அது மாறும்.

கடையில் ரிம் நட்டை ஏர் கன்னால் இறுக்கினால் நிறுத்தி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) கேளுங்கள். வியோஸுக்கு 103, சிட்டிக்கும் சிவிக்குக்கும் 108 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் இறுக்கினால் போல்ட் நீண்டு பலம் இழக்கும். வழியில் டயர் பஞ்சரானால் பூட்டில் இருக்கும் ஸ்பேனரால் கழற்றவும் முடியாது.

செலாயாங் அக்கா

தம்பி, ஜிஆர்-எஸ் வாங்கிவிட்டு 16 அங்குல ரிம்முக்கு இறங்கலாமா?

பாயான் லெப்பாஸ் டயர்

இறங்கலாம் அக்கா, ரிம்முக்குள் பிரேக் காலிப்பருக்கு (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதிக்கு) இடம் இருக்கிறதா என்று போட்டுப் பார்த்த பிறகு. 205/45 ஆர்17-இன் விட்டம் 616 மில்லிமீட்டர், 195/50 ஆர்16-க்கு 601. மீட்டர் 110 காட்டும்போது முன்பு 110 என்றால் இனி 107-தான் போவீர்கள். வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குள் இருப்பதால் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுப்பது) குழம்பாது. கழற்றிய ரிம்மை விற்காமல் வையுங்கள். காடியை விற்கும்போது ஒரிஜினல் ரிம் இல்லாவிட்டால் டீலர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார்.

பிரிக்பீல்ட்ஸ் பெயிண்ட்

பாடிகிட் பற்றி யாரும் எழுதவில்லை. முன் லிப் (முன் பம்பரின் அடிவிளிம்பு) உடைவது பெரும்பாலும் ஸ்பீட் பம்ப்பில் அல்ல, பார்க்கிங்கில். காங்கிரீட் தடுப்பு வரை முன்பக்கமாக நுழைக்கும்போது லிப் அதன் மேல் ஏறி உட்காரும், ரிவர்ஸ் எடுக்கும்போது கொக்கி போல மாட்டி கிளிப்போடு பிய்த்துக்கொண்டு வரும். பின்பக்கமாக நிறுத்தப் பழகுங்கள்.

சாதாரண வேரியன்ட்டுக்கு ஷோரூமிலோ வெளியிலோ கிட் பொருத்தினால், பூட் மூடியில் ஸ்பாய்லருக்காகத் துளைத்த இடத்தைப் பாருங்கள். துளையின் விளிம்பில் பெயிண்ட் தொடாமல், ரப்பர் வாஷர் இல்லாமல் இறுக்கியிருந்தால், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஸ்பேர் டயர் குழியில் தேங்கும். அங்கிருந்துதான் துரு கிளம்பும். அத்தோடு, தனியாகப் பொருத்திய கிட் சாதாரண காப்புறுதியில் தானாக அடங்காது. பாலிசியில் 97-ஆம் எண்டோர்ஸ்மென்ட் (கூடுதல் பாகங்களுக்கான தனிப் பாதுகாப்பு) எடுத்து அதன் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கிட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆர்எஸ் வாங்குவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

செலாயாங் அக்கா

ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற வைத்திருக்கும் பேடல் ஷிஃப்ட் வெறும் அலங்காரமா?

செந்தூல் போர்மேன்

இல்லை அக்கா, குடும்பக் காடிக்கு மிகவும் பயன்படுவது அதுதான். கெந்திங் மலையிலிருந்து ஐந்து பேரோடு இறங்கும்போது இடது பேடலை இரண்டு மூன்று முறை தட்டிக் கியரைக் குறைத்து, எஞ்சினே வேகத்தைப் பிடிக்க விடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறி, பழைய பிரேக் எண்ணெயில் இருக்கும் ஈரம் கொதித்து, பிரேக் பெடல் பஞ்சு போல இறங்கும். பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிட்டி இ:எச்இவியில் அதே பேடல் மோட்டார் பிடிக்கும் அளவைக் கூட்டும். பேட்டரி நிறைந்துவிட்டால் எஞ்சின் திடீரென்று உறுமும், பயப்பட வேண்டாம், மிச்ச ஆற்றலை அப்படித்தான் கழிக்கிறது.

கடன் கணக்கு: வித்தியாசம் 10,000 வெள்ளி, 9 ஆண்டு, 3 விழுக்காடு ஃபிளாட் ரேட் (முழுக் கடனுக்கும் ஆண்டுதோறும் ஒரே வட்டி) என்று வைத்தால் மொத்தம் 12,700, மாதம் ஏறக்குறைய 118 வெள்ளி. பின் டிஸ்க்கும் பேடலும் கிடைக்கிறதென்றால் நான் கொடுக்கச் சொல்வேன். சிவப்புத் தையலும் கறுப்பு ரிம்மும் மட்டும் என்றால், ஜி-யை எடுத்துக்கொண்டு அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் போடச் சொல்வேன்.