பூட்டிக் கிடக்கும் கடையை வாடகைக்குத் தரச் சொல்லிக் கவுன்சிலிடம் கேட்க முடியுமா?

ரோல்ஸ் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கங்களை மூடிய பிறகு சோர்ந்துபோன ஊர்களில் ஒன்றில் பதினான்கு வருடங்களாக இருக்கிறேன். சனிக்கிழமைச் சந்தையில் மடிப்பு மேசை போட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ், மரக்கறி பற்றீஸ், கடலை வடை விற்கிறேன். பன்னிரண்டு மணிக்குள் தட்டுகள் காலியாகிவிடும். மழை வந்தால் மட்டும் பாதி வீட்டுக்குத் திரும்பும். அதைத் தின்று தின்றே பிள்ளைகளுக்கு ரோல்ஸ் வெறுத்துவிட்டது.

மேசைக்கு நேர் பின்னால் ஒரு கடை, முன்பு சப்பாத்துக்கடை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கடிதங்கள் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. 'வாடகைக்கு' என்ற பலகையின் சிவப்பு, வெயிலில் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டது. அதில் இருந்த எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். முதல் முறை ஒரு வாடகை சொன்னார்கள். இரண்டாம் முறை அதைவிடக் கூட. மூன்றாம் முறை, மூன்று வருடக் கணக்கறிக்கை கொண்டுவா என்றார்கள். சந்தையில் மேசை போடுகிறவளிடம் கணக்கறிக்கை! உரிமையாளர் யார் என்று கேட்டேன், அதையும் சொல்லவில்லை.

இப்படிக் கிடக்கும் கடைகளைக் கவுன்சிலே ஏலத்தில் வாடகைக்கு விடலாம் என்று ஒரு சட்டம் வந்திருப்பதாக, வடை வாங்க வரும் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் சொன்னார். உண்மையா? அந்தக் கடையில் போன நவம்பரில் ஒருவர் மூன்று கிழமை நத்தார்ச் சோடனைப் பொருட்கள் விற்றுவிட்டுப் போனார். அதனால் 'காலியாக இருந்த காலம்' அறுபட்டுவிடுமா?

லீஸ்கணக்கு:

அக்கா, தாத்தா சொன்னது சரி. வணிக லீஸ் பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கோப்புகள்தான் என் அன்றாடச் சோறு.

'லெவலிங் அப் அண்ட் ரீஜெனரேஷன்' சட்டம், 2023 அக்டோபர் 26 அன்று மன்னரின் ஒப்புதல் பெற்றது. பின்தங்கிய வட்டாரங்களைக் கைதூக்கிவிடுவதாகச் சொல்லிக் கொண்டுவந்த சட்டம். கட்டட அனுமதி, உள்ளாட்சி, இரண்டாவது வீட்டுக்குக் கூடுதல் கவுன்சில் வரி, நடைபாதையில் மேசை போடும் உரிமம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டினார்கள். கட்டியது கன்சர்வேடிவ் அரசு. லேபர் கட்சி ஆட்சிக்கு வந்த 2024 ஜூலையில் அமைச்சகத்தின் பெயரிலிருந்தே 'லெவலிங் அப்' என்ற சொல் போய்விட்டது. ஆனால் கடை ஏலத்தை மட்டும் அவர்கள் கைவிடவில்லை; 2024 டிசம்பர் 2 முதல் இங்கிலாந்தில் அது நடைமுறையில் இருக்கிறது. முதலில் முன்வந்த கவுன்சில்களில் மேன்ஸ்ஃபீல்டும் பாசட்லாவும் உண்டு. இரண்டும் உங்கள் பக்கம்தான்.

உங்கள் நத்தார்க் கேள்விக்கு: அறுபடாது. ஒரு வருடம் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், அல்லது கடைசி இரண்டு வருடங்களில் மொத்தமாகக் கூட்டினால் 365 நாட்களுக்கு மேல் காலியாக இருந்திருக்க வேண்டும். நடுவில் மூன்று வாரம் ஒருவர் வந்து போனால் அந்த நாட்களைக் கழித்துவிட்டு எண்ணுவார்கள், அவ்வளவுதான். பெயருக்கு நான்கு பெட்டிகளை உள்ளே போட்டுவைத்து 'குடியிருக்கிறது' என்று காட்டுவதும் செல்லாது. ஆட்கள் வழக்கமாக வந்து போகும் பயன்பாடாக இருக்க வேண்டும்.

நடைமுறை இப்படி. அந்தத் தெருவைக் கவுன்சில் முதலில் கடைத்தெரு அல்லது நகர மையம் என்று குறித்திருக்க வேண்டும். கடை திறந்தால் ஊருக்கு நன்மை என்றும் அதற்குத் தோன்ற வேண்டும். பிறகு உரிமையாளருக்கு முதல் அறிவிப்பு போகும். அது பத்து வாரம் உயிரோடு இருக்கும். அதில் முதல் எட்டு வாரத்துக்குள் அவராகவே யாருக்காவது ஒரு வருடத்துக்குக் குறையாமல் உண்மையான வாடகைக்கு விட்டால் கவுன்சில் ஒதுங்கிக்கொள்ளும். விடவில்லையென்றால் இறுதி அறிவிப்பு. அதற்கு அவர் 14 நாளில் மறுப்புத் தரலாம். இடித்துக் கட்டப்போகிறேன், நானே கடை நடத்தப்போகிறேன் என்பது போன்ற காரணங்கள் செல்லும். கவுன்சில் பின்வாங்காவிட்டால் கவுண்டி நீதிமன்றம் போகலாம். எல்லாம் தாண்டினால் ஏலம். குறைந்தபட்ச விலை கிடையாது. வந்த கேட்புகளில் எது வேண்டும் என்று உரிமையாளர் தேர்ந்தெடுக்கலாம். அவர் வாய் திறக்காவிட்டால் அதிக வாடகை சொன்னவருக்கு. லீஸ் ஒன்று முதல் ஐந்து வருடம்.

ஏலம் வரை போகிற கடை அபூர்வமாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு. உங்கள் உரிமையாளர் லண்டனிலோ ஜெர்சித் தீவிலோ இருக்கும் ஏதோ முதலீட்டு நிறுவனமாக இருக்கக்கூடும். இவர்கள் கடையைப் பூட்டி வைப்பது சோம்பலால் மட்டும் அல்ல. கட்டடத்தின் மதிப்பை வாடகையை வைத்துத்தான் போடுகிறார்கள். குறைந்த வாடகைக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டால் ஏட்டில் இருக்கும் மதிப்பு இறங்கிவிடும், வங்கி கேள்வி கேட்கும். பூட்டிக் கிடந்தால் பழைய கனவு வாடகையிலேயே கணக்கு ஓடும். கவுன்சிலின் முதல் அறிவிப்பு அந்தக் கனவைத்தான் கலைக்கிறது. குறைந்தபட்ச விலை இல்லாத ஏலத்தை யார் விரும்புவார்? அறிவிப்பு கிடைத்த வாரமே முகவர் உங்களைத் தானாக அழைப்பார், பாருங்கள்.

டார்பி மளிகை:

தங்கச்சி, தம்பி சொன்னதை மறுக்கவில்லை. கடை நடத்திக் கை சுட்டவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

இந்த ஏல லீஸுக்கு, கடை வாடகைதாரரைக் காக்கும் 1954 சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. சாதாரண வணிக லீஸ் என்றால், காலம் முடிந்தாலும் புதுப்பித்துத் தரும்படி கேட்கும் உரிமை பெரும்பாலும் உண்டு. இதில் காலம் முடிந்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். நான் 2011இல் ஒரு கடை எடுத்தேன். பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் தாளை என் முன்னால் நீட்டினார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். புகையை வெளியேற்றும் விசிறிக்கும் குழாய்க்கும் மட்டும் பதினோராயிரம் பவுண் கொட்டினேன். மூன்றாம் வருடம் வெளியே போகச் சொன்னார்கள். அந்தக் குழாய் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் காரில் போனால் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

அதனால் பொரிப்பதை இப்போது எங்கே பொரிக்கிறீர்களோ அங்கேயே பொரியுங்கள். கடையில் விற்பனை மட்டும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2020 செப்டம்பர் முதல் சப்பாத்துக்கடை, உட்கார்ந்து சாப்பிடும் கடை, அலுவலகம் எல்லாம் கட்டடப் பயன்பாட்டில் ஈ வகுப்பு என்ற ஒரே கூடையில். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறத் திட்ட அனுமதி வேண்டாம். சுடச்சுடப் பொதி கட்டிக் கொடுக்கும் டேக்-அவே மட்டும் வெளியே நிற்கிறது. நாலு கதிரை போட்டு, தேநீரும் ரோல்ஸும் கொடுத்தால் உங்களுக்குத் தலைவலி குறைவு.

வணிக வரியையும் பாருங்கள். வரிக்காகக் கடைக்குப் போட்டிருக்கும் மதிப்பீடு 12,000 பவுணுக்குள் இருந்து, உங்களிடம் அது ஒன்றுதான் என்றால், சிறு வணிகச் சலுகை கேட்டு விண்ணப்பித்தால் வரி கட்ட வேண்டியதில்லை. 15,000 வரை படிப்படியாகச் சலுகை குறையும். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

வாக்குச்சீட்டு:

மேயருக்கு எழுதலாமே? அதே சட்டத்தில்தானே நம் வட்டாரமான ஈஸ்ட் மிட்லண்ட்ஸுக்கு மேயர் வந்தார்?

லீஸ்கணக்கு:

மேயர் பதவி அதே சட்டத்தின் பிள்ளைதான். டார்பிஷயர், டார்பி, நாட்டிங்ஹாம்ஷயர், நாட்டிங்ஹாம் நான்கையும் சேர்த்த கூட்டு அமைப்பு அதன்கீழ் வந்தது. 2024 மே மாதம் கிளேர் வார்ட் முதல் மேயரானார். ஆனால் அவர் கையில் இருப்பது போக்குவரத்து, தொழிற்பயிற்சி போன்றவை. பூட்டிய கடைக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரம் மாவட்டக் கவுன்சிலுக்குத்தான். அதற்கு மேல் அடுக்கான கவுண்டிக் கவுன்சிலுக்குக்கூட இல்லை. தவறான படியேறினால் 'எங்கள் துறை அல்ல' என்று ஒரு மின்னஞ்சல் வரும், மூன்று வாரம் போகும்.

சீக்கிரம் எழுதுங்கள் என்பதற்கு இன்னொரு காரணம். இரண்டு அடுக்குக் கவுன்சில்களைக் கலைத்து ஒரே அடுக்காக்கும் வேலையை அரசு 2024 டிசம்பரில் அறிவித்துவிட்டது. யாருடைய நாற்காலி எங்கே போகும் என்ற கவலையில் இருக்கும் அதிகாரி, உங்கள் சப்பாத்துக்கடையை எவ்வளவு நாள் நினைவில் வைத்திருப்பார்? மின்னஞ்சலில் கடை முகவரி, காலியாக இருந்த காலம், என்ன விற்கப்போகிறீர்கள், எவ்வளவு வாடகை தரத் தயார் என்பதை எழுதுங்கள். 'ஹை ஸ்ட்ரீட் ரென்டல் ஆக்ஷன்' என்ற இந்த ஏலத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே தலைப்பில் போடுங்கள். காலியாக இருந்ததற்குச் சான்று ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

ரோல்ஸ் அக்கா:

சான்று என்றதும் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சனியும் காலை எட்டரைக்கு, மேசை அடுக்கியதும், 'இன்று சந்தையில் இருக்கிறோம்' என்று ஒரு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவேன். நேற்று இரவு பிள்ளையோடு உட்கார்ந்து பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் தொண்ணூற்றொரு படங்கள். எல்லாவற்றிலும் ரோல்ஸ் தட்டுக்குப் பின்னால் அதே பூட்டிய கதவு. பலகை சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகும் வரை வரிசையாக இருக்கிறது. மூன்று படத்தில் மட்டும் நத்தார் விளக்கு.

எல்லாவற்றையும் திகதியோடு இணைத்து மாவட்டக் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டேன். டார்பி அண்ணா, விசிறிக் குழாய் இல்லாமல் நாலு கதிரை என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தெரு குறிக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது, ஆள் அனுப்பிக் கடையைப் பார்க்கிறோம் என்று இன்று மதியம் பதில் வந்தது.