நகரும் காட்சியில் கண்ணை இழுப்பது எது: காட்சியின் முனைப்பா, பார்ப்பவரின் பணியா?

இளம்பரிதி:
காட்சியில் முனைப்பான, அதாவது சுற்றியுள்ளவற்றிலிருந்து தனித்துத் தெரியும் இடங்களைக் குறிக்கும் கவன ஈர்ப்பு வரைபடத்தைப் பழைய சரக்கு என்று சிலர் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோக், உல்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985-இல் முன்மொழிந்த அதற்கு, இட்டி, கோக், நீபர் ஆகியோர் 1998-இல் கணினியில் இயங்கும் வடிவம் கொடுத்தனர். நிறம், ஒளிச்செறிவு, கோடுகளின் திசை ஆகியவற்றில் சுற்றுப்புறத்திலிருந்து மிகவும் மாறுபடும் இடத்துக்குக் கவனத்தை அனுப்பி, பார்த்து முடித்த இடத்தைச் சற்று நேரம் அடக்கிவைக்கும் அந்த முறையோடு அசைவையும் சேர்த்தால், அது காணொளிக்கும் பொருந்தும். இட்டியும் பால்டியும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வை மாற்றங்களில் 72 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, சராசரியைவிட அதிக வியப்பளிக்கும், அதாவது எதிர்பாராத மாற்றம் நிகழும் இடங்களை நோக்கியே நிகழ்ந்தன.

கயல்விழி:
அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் அது திரைக்கு முன் அமர்ந்து காணொளி பார்த்தவர்களிடமிருந்து கிடைத்தது. கையில் வேலை உள்ளவரின் கண் அப்படி நடந்துகொள்வதில்லை. லேண்டும் மெக்லியோடும் 2000-இல் கிரிக்கெட் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது, பந்து புறப்படுவதைப் பார்த்த கண் அதைத் தொடர்ந்து செல்லாமல், அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவியது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் இன்னும் விரைவாகத் தாவியது. அந்தக் கணத்தில் அங்கே இருப்பது வெறும் தரை. எந்த வரைபடம் அதை முனைப்பான இடமென்று காட்டும்?

மாறன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். திரையில் எதைக் காட்டினாலும் கண் நடுப்பகுதியையே அதிகம் நாடும் என்பதால், நடுவில் ஒரு வட்டம் வரைந்தாலே ஓரளவு சரியான கணிப்பு கிடைத்துவிடும். அந்த வட்டத்தைவிடச் சரியாகக் கணிக்காத கணினி மாதிரியைப் பற்றி வாதிடுவது வீண்.

இளம்பரிதி:
கயல்விழி அவர்களின் எடுத்துக்காட்டு வலுவானதே. எனினும், கண் எங்கே போகும் என்று கணிப்பது வேறு, அதை நாம் விரும்பும் இடத்துக்குத் திருப்புவது வேறு. பெய்லியும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல், ஓரப்பார்வையில் ஒளியையோ நிறத்தையோ இலேசாக ஏற்றியிறக்கி, கண் அங்கே திரும்பத் தொடங்கியதும் அதை நிறுத்தினார்கள். கண்ணை அழைத்துச் சென்றது பணியன்று, அந்தச் சிறு மினுக்கம்தான்.

கயல்விழி:
அவர்கள் காட்டியவை அசையாத படங்கள். எல்லாமே நகரும் காட்சியில் அந்த மினுக்கம் மற்ற அசைவுகளுக்குள் கரைந்துவிடும். எடுத்துக்காட்டாக, ஓட்டுநரை எச்சரிக்க அதைப் பளிச்சென்று ஆக்கினால், அவருக்கு அதுவே இடையூறாகும். தூண்டலுக்குப் பிறகு கண் தாவ ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 3 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆகவே கண்ணைத் திருப்பும் அந்தக் குறியை வண்டி இருக்கும் இடத்தில் வைத்துப் பயனில்லை, வரப்போகும் இடத்தில் வைக்க வேண்டும். அந்த இடத்தைச் சொல்ல உங்கள் வரைபடத்துக்குத் தெரியாது.

இளம்பரிதி:
இடத்தை முன்கணிப்பு சொல்லட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அங்கே வைக்கும் குறி கண்ணில் படுமா என்பதைச் சுற்றியுள்ள நிறத்தோடும் அசைவோடும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய இயலும். அந்தக் கணக்கை வரைபடம் இல்லாமல் எப்படிப் போடுவீர்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.