நியூரோ வார்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: வகுப்பில் படித்தது கைக்கு வர என்ன செய்கிறீர்கள்?

மூன்றாம்ஷிஃப்ட் (கேள்வி)

வணக்கம். எட்டு வருடம் பொது மருத்துவ வார்டில் இருந்துவிட்டு, பத்து மாதத்துக்கு முன்னால் நியூரோசர்ஜரி வார்டுக்கு மாறினேன். வந்த மூன்றாவது வாரமே ஒருநாள் தொடர்கல்வி வகுப்புக்கு அனுப்பினார்கள். காலை தொடங்கி சாயங்காலம் வரை ஸ்லைடு ஓடியது. பன்னிரண்டு கபால நரம்புகள், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள், கட்டிகளின் வகைகள், எல்லாம் வந்தது. கடைசியில் இருபது கேள்விக்கு டிக் அடித்துக் கொடுத்தோம். எனக்குப் பதினெட்டு சரி. சான்றிதழைக் கோப்பில் போட்டேன்.

போன மாதம் ஒரு இரவு. வலப்பக்க சப்டூரல் ரத்தக்கட்டை (மூளை உறைக்கு அடியில் சேர்ந்த ரத்தம்) எடுத்து இரண்டாம் நாள், அறுபத்தெட்டு வயதுப் பெரியவர். பத்து மணிக்கு நன்றாக விழித்திருந்தார், பெயர், இடம், மாதம் எல்லாம் சொன்னார், சொன்னபடி கையைத் தூக்கினார். சுயநினைவை அளக்கும் ஜிசிஎஸ் அளவுகோலில் முழுதாக 15. பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டபின்தான் கண் திறந்தார். மாதத்தை மாற்றிச் சொன்னார். கையை அழுத்தச் சொன்னால் அழுத்தினார். தூக்கக் கலக்கம் என்று நினைத்து 14 எழுதினேன். இரண்டு மணிக்கும் அதே. போர்வையை மட்டும் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார். மூடிவிட்டு வந்தேன், மறுபடி தள்ளினார்.

மூன்றரைக்குப் பக்கத்து வார்டு சிஸ்டர் ஊசி ஒன்று கேட்டு வந்தவர், அவரைப் பார்த்துவிட்டு நின்றார். இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். இடது கை மெல்ல உள்பக்கம் திரும்பி, கீழே இறங்கியது. பத்து விநாடிகூட ஆகவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டோம், சிடியில் மறுபடி ரத்தம் சேர்ந்திருந்தது. விடிவதற்குள் மறு ஆபரேஷன் முடிந்தது. நடந்தே வீட்டுக்குப் போனார்.

வகுப்பில் இந்தச் சோதனையை, புரோனேட்டர் டிரிஃப்டை, சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஸ்லைடில் இருந்த படம்கூட நினைவிருக்கிறது. ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்தில் ஒருமுறையும் அது எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து இதே யோசனை. நியூரோவில் நாள்பட்டவர்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? சிஎன்ஆர்என் போன்ற நியூரோ நர்ஸிங் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்தால் இது வருமா? இல்லை, வேறு வழி இருக்கிறதா?

பழைய_இன்சார்ஜ்

சிஸ்டர், இதை மறைக்காமல் எழுதியதற்கே முதலில் நன்றி. இருபத்திரண்டு வருடமாக நியூரோதான் பார்க்கிறேன், அதில் பதினொன்று இன்சார்ஜாக. நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பன்னிரண்டு மணிக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். கூப்பிட்டால் கண் திறக்கிறார், அது 3. மாதத்தை மாற்றிச் சொல்கிறார், குழப்பம், அது 4. சொன்னதைச் செய்கிறார், 6. மொத்தம் 13. நீங்கள் எழுதியது 14. தூங்குகிறார் என்று மனதுக்குள் ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். இதைச் செய்யாத நர்ஸை நான் பார்த்ததில்லை, நானும் செய்திருக்கிறேன். 15-இலிருந்து 13 என்று தாளில் இருந்திருந்தால் அப்போதே போனை எடுத்திருப்பீர்கள்.

அதனால் எங்கள் வார்டில் மொத்தத்தை மட்டும் சொல்ல விடுவதில்லை. கண் 3, பேச்சு 4, அசைவு 6 என்று தனித்தனியாகத்தான் ஹேண்டோவர். கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974-இல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தபோதே மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத்தான் கொண்டுவந்தார்கள். மொத்தம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேர் படுக்கையில் முற்றிலும் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள். 2014-இல் அதைப் புதுப்பித்தபோது, முதலில் தடை ஏதாவது இருக்கிறதா என்று பார், பிறகு தானாகச் செய்வதைக் கவனி, பிறகு தூண்டு, கடைசியில் மதிப்பிடு என்று வரிசையும் கொடுத்தார்கள். கண் வீங்கி மூடியிருந்தாலோ தொண்டையில் குழாய் இருந்தாலோ 1 போடக்கூடாது, சோதிக்க இயலவில்லை என்று எழுத வேண்டும்.

இன்னொன்று, அந்தப் போர்வை. தலைக்காயத்துக்கான பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதலில், டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டிய காரணங்களில் முதலில் வருவதே புதிதாக வரும் அமைதியின்மையும் மாறிய நடத்தையும்தான். ஜிசிஎஸ் ஒரு புள்ளி குறைந்து அரை மணி நேரம் அப்படியே நின்றாலும் கூப்பிட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் பெரியவரிடம் இரண்டுமே இருந்தன.

இனி கேள்விக்கு வருகிறேன். நாங்கள் செய்வது இதுதான். ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் படுக்கை அருகே சேர்ந்து நிற்பார்கள். ஒருவர் செய்வார், மற்றவர் பார்ப்பார். பிறகு இருவரும் ஆளுக்கொரு சீட்டில், ஒருவருக்கொருவர் காட்டாமல், மூன்று எண்ணையும் பியூப்பில் (கண்ணின் பாவை) அளவையும் எழுதுவார்கள். சேர்த்துவைத்துப் பார்ப்போம். ஒத்துவந்தால் கிளம்பலாம். வரவில்லை என்றால் அங்கேயே மறுபடி செய்து பார்ப்போம். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கூடுதலாகும். முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

எங்கே அதிகம் மாறுகிறது தெரியுமா? அசைவில் 4-க்கும் 3-க்கும் நடுவில். இதை ஸ்லைடில் புரியவைக்கவே முடியாது. நான் என் வார்டு நர்ஸ் பிள்ளைகளை நிற்கவைத்து அவரவர் கையாலேயே செய்யச் சொல்வேன். நகத்தருகே அழுத்தியதும் முழங்கை சட்டென்று மடங்கி, கை உடம்பைவிட்டு விலகினால் 4. அதுவே மெதுவாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, கை நெஞ்சுக்குக் குறுக்கே வந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கினால் 3. பத்துமுறை தன் கையால் செய்து பார்த்தவள் நோயாளியிடம் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வாள்.

தேர்வைப் பற்றி: சிஎன்ஆர்என் அமெரிக்க நியூரோ நர்ஸிங் வாரியம் நடத்துவது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பக்கவாதத்துக்கு எஸ்சிஆர்என் என்று தனியாக உண்டு. படித்தால் சிதறிக் கிடப்பது ஒழுங்காகும், அது உண்மை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை.

ஸ்ட்ரோக்_யூனிட்_நர்ஸ்

அக்கா சொன்ன சீட்டு முறையை நாளைக்கே எங்கள் யூனிட்டில் சொல்லப்போகிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. வகுப்பை ஒதுக்கிவிடக் கூடாது. காரணம் தெரியாமல் கை மட்டும் பழகினால், அது சடங்காகிவிடும்.

ஒரு உதாரணம். ரத்த அழுத்தம் ஏறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறாகும் குஷிங் அறிகுறியை எல்லா வகுப்பிலும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதனால் புதிதாக வருகிறவர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். மண்டை ஓடு மூடிய பெட்டி, உள்ளே மூளை, ரத்தம், தண்டுவடநீர் மூன்றும்தான், ஒன்று கூடினால் இன்னொன்று இடம்விட வேண்டும் என்று ஒரு வகுப்பில் ஒருவர் எனக்கு உட்கார்ந்து விளக்கினார். முதலில் தண்டுவடநீரும் சிரை ரத்தமும் இடம் விடும், அதுவரை அழுத்தம் அதிகம் ஏறாது. இடம் தீர்ந்ததும் சட்டென்று ஏறும். குஷிங் வருவது கடைசிக் கட்டத்தில், மூளைத்தண்டு நசுங்கும்போது. அன்றிலிருந்து நான் நாடிக்குக் காத்திருப்பதில்லை. மயக்கம் கொஞ்சம் கூடுவதும், பதில் ஒரு நொடி தாமதமாவதும்தான் எனக்கு மணி அடிக்கிறது. அந்தப் புரிதல் எனக்கு வகுப்பில்தான் கிடைத்தது.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் மருந்தைக் கொடுத்தபின் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை பார்க்கிறோமே, அதுவும் இப்படித்தான். உள்ளே ரத்தம் கசிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் அந்தப் பதினைந்தாவது நிமிடத்தில் பிபி எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகரமாட்டாள். தலைவலி புதிதாக வந்ததா, வாந்தி வருகிறதா என்று கேட்பாள்.

நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் நோயாளிக்கு என்ன லாபம் என்று மேலிடத்தில் கேட்கிறார்களே, அவர்களுக்குக் காட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த க்யூஏஎஸ்சி, 2011-இல் வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் இந்த மூன்றுக்கும் நர்ஸ்களே நடத்தும் நெறிமுறை, அதற்கான பயிற்சி, நினைவூட்டல். புது மருந்து எதுவும் கிடையாது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் சேர்த்து, பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 சதவீதம், மற்றவற்றில் 58 சதவீதம். நான் இதை அச்செடுத்து மருந்து அலமாரியில் ஒட்டியிருக்கிறேன்.

விழுங்கும் சோதனையைக் கற்றுக்கொள்ள ஒரு வழி: ஸ்பீச் தெரபிஸ்ட் செய்யும்போது பக்கத்தில் நின்று காதைக் கொடுங்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தபின் "ஆ" சொல்லச் சொல்வார்கள். இருமலே இல்லாமல், குரல் மட்டும் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளக்கும். நேரில் ஒருமுறை கேட்டால் போதும். எழுதி விளக்க என்னால் முடியவில்லை.

தனிஇரவு

நீங்கள் எல்லாம் யூனிட்டில் இருக்கிறீர்கள். எங்கள் இடத்தில் நியூரோவுக்கென்று வார்டே கிடையாது, ஐசியூவில் மூன்று படுக்கை, இரவில் நான் ஒருத்தி. சீட்டை ஒப்பிட ஆளில்லை.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்ன நினைக்கிறேன் என்று ஒரு வரி எழுதுவேன். மறுநாள் ஸ்கேனில் என்ன வந்தது என்று கேட்டு, கீழே இன்னொரு வரி. பெயர், படுக்கை எண் எதுவும் எழுதுவதில்லை. மூன்று வருடத்தில் இரண்டு நோட்டு முடிந்திருக்கிறது.

அதில் நான் அடிக்கடி திருப்பும் பக்கம் கில்லன் பாரே (நரம்புகள் பாதித்துத் தசைகள் பலவீனமாகும் நோய்) வந்த ஓர் இளைஞனுடையது. சாயங்காலம் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன், 24 வரை போனான். ஒன்பது மணிக்கு 17. பதினொன்றுக்கு 11. ஆக்ஸிஜன் அளவு மூன்று தடவையும் 98. "சாச்சுரேஷன் நன்றாக இருக்கிறது, ஆனால் எண் விழுகிறது, மூச்சுத் தசை சோர்கிறது" என்று எழுதிவிட்டுக் கூப்பிட்டேன். அந்த நேரத்திலேயே, பதற்றமில்லாமல், குழாய் போட்டார்கள். இந்த நோயில் ஆக்ஸிஜன் கடைசியில்தான் குறையும் என்பதை அன்றுதான் நான் உண்மையில் கற்றேன்.

தவறாக நினைத்த பக்கங்கள்தான் அதிகம். அவற்றையும் கிழிக்கவில்லை.

மூன்றாம்ஷிஃப்ட்

எல்லோருக்கும் நன்றி. பழைய_இன்சார்ஜ் அக்கா, நீங்கள் சொன்ன பிறகு பழைய சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். 13 தான். எட்டு வருடம் ஜிசிஎஸ் போட்டிருக்கிறேன், கூட்டல் தெரியாமல் இல்லை. மனசு அவர் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறது.

சீட்டு முறையை என்னோடு டியூட்டி மாறும் ஒரு சிஸ்டரும் நானும் மட்டும் ஒரு வாரமாகச் செய்கிறோம். இன்சார்ஜிடம் இன்னும் கேட்கவில்லை. ஒன்பது நோயாளிகளில் ஏழு பேருக்கு ஒத்துவந்தது. இரண்டு பேருக்கு அசைவில் மாறியது, அக்கா சொன்ன அதே 4, 3. ஒருவருக்கு நான் 3 போட்டது சரி என்று டாக்டர் வந்து பார்த்துச் சொன்னார். இன்னொருவருக்கு அந்த சிஸ்டர் போட்டதுதான் சரி. கையை நீட்டச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்வதை இப்போது சொன்னதைக் கேட்கக்கூடிய எல்லோரிடமும் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். தனிஇரவு அக்கா, நானும் நோட்டு வாங்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மூளையிலிருந்து தண்டுவடநீரை வெளியே வடிக்கும் ஈவிடி குழாய் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது. அதற்கு எப்படிப் பழகினீர்கள்?

பழைய_இன்சார்ஜ்

நடுங்குவது நல்லதுதான் சிஸ்டர், கொஞ்சம் இருக்கட்டும். வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், நான் இன்றும் அப்படித்தான். அசைக்கும் முன் குழாயை மூடு. திருப்பு. காதின் முன்மேடு, டிரேகஸ், அதன் மட்டத்தில் அளவுகோலின் பூஜ்யம் நிற்கிறதா பார். டாக்டர் சொன்ன உயரத்தில் சொட்டும் இடம் இருக்கிறதா பார். பிறகு திற. திறந்ததும் ஒரு சொட்டு விழுவதை, அல்லது அலை அசைவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். திறந்தபடி தலையணைப் பக்கத்தை உயர்த்தினால் அளவுக்கு மேல் வடிந்துவிடும். மூடியதை மறந்துவிட்டால் அழுத்தம் உள்ளேயே ஏறும். நான் பார்த்தவரை, இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, அதுவும் சிடிக்குப் போய்த் திரும்பி வந்தபின்.

காலியான ஒரு செட் கிடைத்தால் வெறும் கட்டிலில் தொங்கவிட்டு, அந்த சிஸ்டரைப் படுக்கச் சொல்லி, நீங்கள் இருவரும் மாறி மாறிப் பத்துமுறை செய்யுங்கள். இருவரில் ஒருவர் வேண்டுமென்றே எதையாவது தவறாக வைத்துவிட்டுப் போகட்டும், மற்றவர் கண்டுபிடிக்கட்டும். இன்சார்ஜிடமும் கேளுங்கள். அந்த ஒன்பது பேரின் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.