பொட்டாசியம் புகையா காடா, பிஎம்எஃப்ல (காத்துத் தூசி எந்த மூலத்தில இருந்து வந்தது எண்டு பிரிக்கிற கணக்கு முறை) பிரியுதில்ல

அம்பாறை கல்லோயா காட்டுப் பக்கம் மாசியில இருந்து ஆவணி வரைக்கும் எடுத்த பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர் வரைக்குமான காத்துத் தூசி) ஃபில்டர், எக்ஸ்ஆர்எஃப்ல (எக்ஸ் கதிரால அளக்கிற முறை) மூலகம் பார்த்து அமெரிக்க சுற்றாடல் நிறுவனத்தின்ட ஈபிஏ பிஎம்எஃப் 5.0 மென்பொருள்ல ஓட விட்டன். சோடியம், குளோரின் கடல் உப்பா, அலுமினியம், சிலிக்கன் மண் தூசா வடிவா பிரிஞ்சிட்டு, ஆனா பொட்டாசியம் பொஸ்பரசோட ஒரே ஃபேக்டர்ல (ஒண்டா ஏறி இறங்குற மூலகக் கூட்டம், ஒரு மூலத்தக் குறிக்கும்) ஒட்டி நிக்குது, அது வயல்ல வைக்கோல் எரிக்கிற நாளும் கூடுது, காட்டுப் பக்கக் காத்து வாற ஈர நாளும் கூடுது, மகரந்தத்திலயும் பூஞ்சை வித்திலயும் பொட்டாசியம் இருக்குத்தானே. 4, 5, 6 ஃபேக்டர் பார்த்தாச்சு, ஆறுக்குப் போனா மண் தூசிதான் ரெண்டா உடையுது, பூட்ஸ்ட்ராப்ல (தரவ மாத்தி மாத்தி எடுத்துத் திருப்பி ஓட்டிப் பார்க்கிற சோதனை) நிக்குதும் இல்ல. எஃப்பீக் (ஃபேக்டர்கள சுழற்றிப் பார்க்கிற அமைப்பு) மாத்தினன், கடல் உப்புப் பொட்டாசியத்த சோடியத்தின்ட 0.037 பங்கா வச்சுக் கழிச்சன், அது சின்னத் துண்டுதான். லெவோகுளுகோசன் (விறகு, வைக்கோல் எரியிற புகைக்கு அடையாளமான பொருள்) அளக்க வசதி இல்ல. காடு விடுறத புகை எண்டு எழுதிக் குடுக்க மனசு வருதில்ல.

அதே ஃபில்டர்ல கறுப்புக் கார்பன் (எரியிறதில வாற கரி) அளந்து சேர்த்தா புகை ஃபேக்டர் தனியா வருமா?